ஸ்டாக் ஏஜென்சிக்கு அனுப்பும் படத்தைப் பெரிதாக்கலாமா?

நம் படங்களை மற்றவர்களுக்கு விற்றுத்தரும் ஸ்டாக் ஏஜென்சிக்குப் படம் அனுப்பத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொண்டு நிற்பது படத்தின் அளவில்தான். ஒரு ஏஜென்சி 4 மெகாபிக்சலுக்குக் குறையக்கூடாது என்கிறது, இன்னொன்று 17 எம்பி வேண்டும் என்கிறது. கையில் இருப்பதோ பழைய கேமராவில் எடுத்த படம், அல்லது வெட்டி வெட்டிச் சின்னதாகிப்போன படம். ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸைத் திறந்து எண்ணை மாற்றினால் வேலை முடிந்துவிடும் போலத்தான் தெரியும். எண் மாறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தைச் சோதிப்பவர், படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணையும் முடியையும் ஓரங்களையும் பார்ப்பார். அங்கே தெரிவதை வைத்துத்தான் முடிவு.

பெரிதாக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எப்போது செய்யலாம், எப்போது கூடாது என்பது தானாகவே புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

டிஜிட்டல் படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய பிக்சல்கள். அகலத்தில் 3,000, உயரத்தில் 2,000 இருந்தால் மொத்தம் 60 லட்சம், அதாவது 6 மெகாபிக்சல். இதை இரண்டு மடங்கு பெரிதாக்கி 6,000 × 4,000 ஆக்கினால் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் ஆகிவிடும். கேமரா கொடுத்தது 60 லட்சம் மட்டுமே, மீதி 1 கோடியே 80 லட்சமும் மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பியவை. படத்தில் நான்கில் மூன்று பங்கு பிக்சல்கள் கேமரா பார்க்காதவை! ஊதாத பலூனில் எழுதிய எழுத்து ஊத ஊதப் பெரிதாகும், ஆனால் மை வெளிறிக்கொண்டே போகும். கிட்டத்தட்ட அதேதான் இங்கேயும் நடக்கிறது.

இந்த நிரப்பும் வேலைக்கு இன்டர்போலேஷன் என்று பெயர். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிறார் என்று வையுங்கள். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255 என்ற கணக்கில் சட்டையின் ஓரத்துப் பிக்சலின் மதிப்பு 20, அதை ஒட்டிய சுவர்ப் பிக்சலின் மதிப்பு 240. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு புதுப் பிக்சல் வர வேண்டும். எளிய முறை, பக்கத்தில் இருப்பதை அப்படியே நகல் எடுப்பது. புதிதும் 20 ஆகும், அல்லது 240 ஆகும். ஓரம் கூர்மையாகவே இருக்கும், ஆனால் சாய்கோடுகள் எல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். அடுத்த முறை சராசரி எடுப்பது. சுற்றியுள்ள 4 பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிடும் பைலீனியர் இந்த வகை. நம் உதாரணத்தில் புதுப் பிக்சல் 130 ஆகிவிடும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு சாம்பல் பட்டை முளைக்கும். அதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். பைக்யூபிக் முறை இன்னும் விரிவாக, 16 பிக்சல்களைப் பார்த்து, மதிப்பு ஏறி இறங்கும் போக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அதனால் ஓரம் கொஞ்சம் கூர்மையாக வரும். ஆனால் அந்தப் போக்கைப் பின்தொடர்ந்து போகும்போது சில இடங்களில் எல்லையைத் தாண்டிவிடும். சட்டை ஓரம் 20-க்கும் கீழே போய் இன்னும் கறுக்கும், சுவர் 240-க்கும் மேலே போய் இன்னும் வெளுக்கும். தள்ளி நின்று பார்த்தால் ஓரத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் போட்ட மாதிரி இருக்கும். லான்க்சோஸ் என்ற இன்னொரு முறையிலும் இதே சிக்கல் உண்டு. படிக்கட்டு, மங்கல், ஒளிவட்டம் என்று இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கொஞ்சம் கூடும். எல்லா முறைகளும் இந்த மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு சமரசம்தான்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. கேமராவே இந்த நிரப்பும் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவரின் அமைப்பு இது, காப்புரிமை 1976-இல் கிடைத்தது. மீதி இரண்டு நிறங்களும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகிக்கப்படுபவை. ஆக 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து வரும் படத்தில்கூட நிற விவரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான். அதன் மேல் நாம் பெரிதாக்கினால் ஊகத்தின் மேல் ஊகம். போனில் டிஜிட்டல் ஜூம் போட்டு எடுத்த படமும் வெட்டிப் பெரிதாக்கிய படமாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதை இன்னொரு முறை பெரிதாக்குவதில் பிரயோசனம் எதுவும் இல்லை. 48 மெகாபிக்சல் என்று விற்கப்படும் பல போன்களில் நான்கு நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிற வடிகட்டி இருக்கும், இயல்பாக வருவது 12 மெகாபிக்சல் படம். அந்த 12-ஐ அனுப்புவதுதான் நல்லது.

இப்போது அந்த 17 எம்பி விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் தேவையே இல்லாமல் படத்தைப் பெரிதாக்கிக் கெடுப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். அலமி என்ற ஏஜென்சி கேட்கும் 17 எம்பி, படத்தைத் திறந்த பிறகு அது கணினியின் நினைவில் எடுத்துக்கொள்ளும் அளவு. ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். 60 லட்சம் பிக்சல் என்றால் 1 கோடியே 80 லட்சம் பைட், அதுதான் 17 எம்பியைக் கொஞ்சம் தாண்டும். அதே படம் ஜேபெக்காகச் சுருங்கி வட்டில் 3 எம்பிதான் இருக்கும். இது தெரியாதவர் ஃபோல்டரில் 3 எம்பி என்று பார்த்ததும், இதை ஆறு மடங்காக்க வேண்டும் போலிருக்கிறது என்று பயந்து ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கும் படத்தை ஊதிவிடுகிறார். ஃபோல்டரில் தெரியும் எண்ணை மறந்துவிடுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்குங்கள், அதை மூன்றால் பெருக்குங்கள். வருவது பைட், அதை 10,48,576-ஆல் வகுத்தால் எம்பி, கணக்கு அவ்வளவுதான்.

படம் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளில், இருக்க வேண்டும் என்ற குழப்பமும் அப்படித்தான். 3,000 பிக்சல் அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் 10 அங்குலம் வரும், 72 என்று வைத்தால் 41 அங்குலத்துக்கு மேல் வரும். பிக்சல் அதே 3,000. இமேஜ் சைஸில் ரீசாம்பிள் என்ற பெட்டியில் டிக் இல்லாமல் அந்த எண்ணை மாற்றினால் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறாது. டிக் இருக்கும்போது 72-ஐ 300 ஆக மாற்றினால்தான் ஆபத்து, தெரியாமலே படம் ஒவ்வொரு பக்கமும் நான்கு மடங்கு ஊதிப்போகும்.

இந்தப் பெரிதாக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு ஒரு உண்மையான காரணம் இருந்தது. 2000-களின் நடுப்பகுதியில் நிறையப் பேர் கையில் இருந்தது 6 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். அந்தக் காலத்தில் அலமி கேட்டது 48 எம்பி, அதாவது ஏறக்குறைய 1 கோடியே 68 லட்சம் பிக்சல். அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும் என்றால் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. அதற்கென்றே ஜென்யூன் ஃபிராக்டல்ஸ் மாதிரி மென்பொருள்கள் விற்றன. ஒரேயடியாகப் பெரிதாக்காமல் பத்துப் பத்து சதவீதமாகப் படியேறினால் நன்றாக வரும் என்ற நம்பிக்கையும் அப்போது பரவியது. இன்றைய கருவிகளில் ஒரே தாவலில் செய்வதே போதும், படிப்படியாகச் செய்தால் ஒவ்வொரு படியிலும் கணக்கின் பிழைதான் சேரும். அந்தக் கட்டாயம் இப்போது போய்விட்டது. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டுக்கும் 4 மெகாபிக்சல் இருந்தால் போதும், அலமியின் 17 எம்பிக்கு 6 மெகாபிக்சல். 2,500 × 1,600 அளவுள்ள படமே சரியாக 40 லட்சம் பிக்சல். இன்றைக்குச் சாதாரணக் கேமராவும் இதைப் பல மடங்கு தாண்டுகிறது. ஆனால் பழைய அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சரி, பெரிய அளவில் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வசதிதானே என்று கேட்கலாம். உண்மையில் அவருக்கு அது இடைஞ்சல். பெரிய பதாகை வேண்டும் என்றால் அவருக்கு என்ன அளவு வேண்டும், எந்தத் தாளில் அச்சடிக்கப் போகிறார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் படம் எடுத்தபடியே இருந்தால் அவர் தன் கருவியில் தனக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வார். நீங்களே முன்கூட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டால் அந்த மங்கலையும் ஒளிவட்டத்தையும் அவரால் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் பல ஏஜென்சிகள், படத்தை ஊதி அனுப்பாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அலமியில் படம் நிராகரிக்கப்படும் காரணங்களில் இன்டர்போலேஷன் தடயம் என்று தனியாகவே ஒன்று உண்டு.

அப்படியென்றால் வெட்டியதால் அளவு குறைந்துபோன படத்தை என்ன செய்வது? ஒரு உதாரணம் பார்ப்போம். 6,000 × 4,000 படத்தில் தூரத்தில் ஒரு பறவை. அதைச் சுற்றி வெட்டியதில் 2,200 × 1,500 மிஞ்சியது, அதாவது 33 லட்சம் பிக்சல். 40 லட்சத்துக்குப் போக எவ்வளவு பெரிதாக்க வேண்டும்? பிக்சல் எண்ணிக்கை 21 சதவீதம் கூட வேண்டும், ஆனால் அது அகலத்துக்கும் உயரத்துக்கும் பங்காகப் பிரியும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் கூட வேண்டியது 10 சதவீதம்தான். கொஞ்சம் தாராளமாக 2,450 × 1,670 என்று வைத்தால் 41 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இவ்வளவு சின்னப் பெரிதாக்கலில், படம் நல்ல கூர்மையாக இருந்தால், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அதே மூலப் படத்தில் இருபக்கமும் 125 பிக்சல், மேலும் கீழும் 85 பிக்சல் கூடுதலாக விட்டு வெட்டினால் அதே 2,450 × 1,670 கிடைக்கும், அத்தனையும் கேமராவே கொடுத்த பிக்சல்கள்! வடிவமைப்பாளர்களுக்கும் பறவையைச் சுற்றி எழுத்துப் போட இடம் இருந்தால்தான் பிடிக்கும். வெட்டை இளக்க முடியுமா என்று பார்க்காமல் யாரும் பெரிதாக்கும் மெனுவைத் திறக்கவே கூடாது என்பேன்.

இதற்கு நேரெதிரான வேலை ஒன்று இருக்கிறது, தொடக்கத்தில் யாருக்கும் மனசு வராது, ஆனால் பெரிதாக்குவதைவிட அதிகமான படங்களைக் காப்பாற்றுவது இதுதான். சின்னதாக்குவது. 24 மெகாபிக்சல் படம் 100 சதவீதத்தில் லேசாக மங்கலாக, புள்ளி புள்ளியாக நாய்ஸோடு இருக்கிறது என்று வையுங்கள். அதை 3,000 × 2,000 ஆகக் குறைத்தால் நான்கு பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. நான்கின் சராசரி என்பதால் தாறுமாறான நாய்ஸ் ஏறக்குறைய பாதியாகும், ஓரங்களும் இறுகும். படம் இப்போது 6 மெகாபிக்சல், நான் சொன்ன மூன்று ஏஜென்சிகளின் குறைந்தபட்ச அளவுக்கும் போதும். பெரிய எண்ணோடு நிராகரிக்கப்படும் படத்தைவிடச் சின்ன எண்ணோடு உள்ளே போகிற படம்தான் விற்கும். கை நடுக்கத்தில் நன்றாகக் கலங்கிய படத்தை இது காப்பாற்றாது, லேசான குறைக்குத்தான் இது மருந்து.

இனி ஏஐ கருவிகள். 2014-இல் வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பிறகு நரம்பு வலைப்பின்னல்களை வைத்துப் பெரிதாக்கும் முறை வேகமாக வளர்ந்தது. 2018-இல் டோபாஸ் ஜிகாபிக்சல் வந்தது, 2021-இல் அடோபி கேமரா ராவில் சூப்பர் ரெசல்யூஷன் வந்தது, அப்ஸ்கேல் மாதிரி இலவசக் கருவிகளும் இருக்கின்றன. கூர்மையான படங்களை லட்சக்கணக்கில் சின்னத் துண்டுகளாக வெட்டி, அவற்றைச் சிறிதாக்கி, சிறிதிலிருந்து பெரிதை எப்படி வரைவது என்று பழக்கியவை இவை. அதனால் முடி, இலை, துணியின் நெய்வு இதையெல்லாம் பைக்யூபிக்கைவிடப் பல மடங்கு அழகாக வரைந்து கொடுக்கும். வரைந்து என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். கேமராவுக்குத் தெரியாததை இதுவும் பார்த்ததில்லை, இப்படித்தான் இருக்கும் என்று பழக்கத்தில் போடுகிறது. தூரத்தில் நிற்கிறவரின் முகத்தில் இல்லாத இமைகளைப் போடும், பலகையில் உள்ள சின்ன எழுத்தை எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலாக மாற்றும், புல்வெளியை எண்ணெய் ஓவியம் போலத் தீற்றிவிடும். விளம்பரத்துக்கான படமென்றால் இது தரக்குறைவு. செய்திக்கான எடிட்டோரியல் படமென்றால் விஷயம் வேறு, அங்கே நடந்ததைத்தான் காட்ட வேண்டும், முகமோ எழுத்தோ கற்பனையாக மாறிவிட்டால் அது பொய். எடிட்டோரியல் படங்களில் ஏஐ பெரிதாக்கலைத் தொடவே தொடாதீர்கள். மற்றவற்றுக்கும் அந்தந்த ஏஜென்சியின் ஏஐ விதிகளை அனுப்புகிற நாளில் ஒருமுறை படித்துவிடுங்கள், இந்தப் பகுதிதான் அடிக்கடி மாறுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிதாக்கியே ஆக வேண்டிய படங்கள் சில இருக்கும். இன்றைக்கு இல்லாத ஒரு கட்டடம், திரும்ப எடுக்கவே முடியாத ஒரு நிகழ்வு, பழைய 3 மெகாபிக்சல் கேமராவில் மாட்டிக்கொண்டது. அப்போது வேலையின் வரிசைதான் எல்லாமே. சென்சார் பதிந்ததை ஜேபெக்காக்காமல் கேமரா அப்படியே வைக்கும் ரா ஃபைல் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், ஜேபெக்கை எடுக்காதீர்கள். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, இரண்டு மடங்காக்கினால் அந்தக் கட்டங்களின் தடயமும் 16 × 16 ஆகப் பெருத்து வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். ரா மாற்றும்போதே லென்ஸால் வரும் ஊதா, பச்சை ஓரங்களை நீக்கிவிடுங்கள், சென்சார் தூசியைத் துடையுங்கள், நாய்ஸைக் குறையுங்கள், ஏனென்றால் படத்தோடு சேர்ந்து இவையும் பெரிதாகும். ஷார்ப்பனிங்கை மட்டும் அந்தக் கட்டத்தில் முடிந்தவரை குறைத்தே வையுங்கள். கூர்தீட்டிய ஓரத்தில் ஏற்கெனவே ஒரு மெல்லிய ஒளிவட்டம் இருக்கும், அதைப் பெரிதாக்கினால் கயிறு மாதிரி தடித்துவிடும்.

பிறகு நிறங்களை இன்னும் நுணுக்கமாக வைத்திருக்கும் 16 பிட்டில் திறந்து ஒரே முறை பெரிதாக்குங்கள். ஃபோட்டோஷாப்பில் பிரிசர்வ் டீட்டெயில்ஸ் 2.0 நன்றாகவே செய்கிறது, வானம், தோல் போன்ற வழவழப்பான படங்களுக்குப் பைக்யூபிக் ஸ்மூத்தரே போதும். இலவச மென்பொருளான ஜிம்ப்பில் நோஹேலோ என்று ஒரு முறை இருக்கிறது, ஒளிவட்டம் வராமல் இருப்பதற்கென்றே செய்தது. எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், ஒரு பக்கத்துக்கு 10 முதல் 20 சதவீதம் வரை நான் கவலைப்பட மாட்டேன். 50 சதவீதம் என்றால் மூலப் படம் மிகக் கூர்மையாக, நாய்ஸே இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு மடங்கு என்பது ஏஐ இல்லாமல் ஏஜென்சிச் சோதனையைத் தாண்டுவது அபூர்வம். அதற்கப்புறம் 100 சதவீதத்தில் வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கண்ணின் ஓரம், வானத்துக்கு எதிரே தெரியும் முடி, மின்கம்பி மாதிரி சாய்கோடுகள், அப்புறம் நிழலுக்குள் இருக்கும் இருட்டுப் பகுதி. குறை முதலில் எட்டிப்பார்ப்பது இங்கேதான். எல்லாம் சரி என்றால் லேசாக ஷார்ப்பன் செய்து எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில், உச்சத் தரத்தில், ஒரே ஒரு முறை ஜேபெக்காகச் சேமியுங்கள்.

நிஜப் பிக்சலே கூடுதலாக வேண்டும் என்றால் அதற்கு எடுக்கும்போதே வழி உண்டு. அசையாத காட்சியை மூன்று நான்கு படங்களாக, ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததில் விழும்படி எடுத்து பனோரமாவாக ஒட்டினால் 12 மெகாபிக்சல் கேமராவிலேயே 30 மெகாபிக்சலுக்குப் பக்கத்தில் கிடைக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் உயரமும் தாராளமாக இருக்கும். நிலக்காட்சி, கட்டடம் எடுப்பவர்கள் இதைப் பழகிக்கொண்டால் பெரிதாக்கும் மெனு பக்கமே போக வேண்டியதில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் படத்திலேயே சோதித்துப் பாருங்கள். நன்றாகக் கூர்மையாக வந்த ஒரு படத்தைப் பாதியாகக் குறையுங்கள், பிறகு அதைப் பழைய அளவுக்கே பெரிதாக்குங்கள். அதை மூலப் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து டிஃபரன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். வித்தியாசம் இல்லாத இடங்கள் கறுப்பாகும், தொலைந்துபோன விவரம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். வானம் முழுக்கக் கறுத்திருக்கும், முடியும் இலையும் எழுத்தும் கோடு கோடாக மின்னும். ஒவ்வொரு முறைக்கும், ஏஐ கருவிக்கும் சேர்த்து இதைச் செய்து பார்த்தால் உங்கள் வகைப் படங்களுக்கு எது ஒத்துவரும் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். பெரிதாக்கிய படத்தைத் தனிப் பெயரில் சேமித்து, ரா ஃபைலைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள். கருவிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன, இன்றைக்குத் தேறாத படத்தை அந்த ரா ஃபைலிலிருந்து இன்னொரு நாள் புதிதாக முயலலாம்.